வஸ்தாதின் தலை

மில்லில் இருந்து கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள். வேலையை விட்டு வந்த மனிதனை யாரும் காரணம் இல்லாமல் கூப்பிட்டு அனுப்புவதில்லை. என்னவோ ஏதோ என்று வெளுத்த வேட்டியாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனேன். மானேஜர் அறையில் சென்னையிலிருந்து விளம்பரக் கம்பெனித் தம்பி ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தார். எண்ணெய் டின்னில் ஒட்டுகிற படத்தை மாற்றப் போகிறார்களாம். மேசையில் பழைய படம் ஒரு பக்கம், புதிதாக வரைந்தது ஒரு பக்கம் கிடந்தன.

பழைய படத்தை எங்கள் பக்கத்தில் தெரியாதவர்கள் குறைவு. இடுப்பில் கச்சை கட்டிய குஸ்தி வஸ்தாது ஒருவன் ஒற்றைக் கையால் எண்ணெய் டின்னைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்பான். சிவந்த முகம், முறுக்கு மீசை, காதில் கடுக்கன். கீழே ‘வஸ்தாது மார்க் கடலை எண்ணெய்’ என்று வளைத்து எழுதியிருக்கும். புதிய படத்தில் வஸ்தாதைக் காணோம். ஒரு கையும் அது தூக்கிப் பிடித்த டின்னும் மட்டும்தான் இருந்தன.

“ஆளை ஏன் தம்பி எடுத்துட்டீங்க?” என்று கேட்டேன்.

“பழைய படத்துல தலையும் உடம்பும் ஒட்டவே இல்லீங்க, பெரியவரே. கழுத்தைப் பாருங்க. உடம்பு நிஜமான ஆளைப் பார்த்து வரைஞ்சது. தலையை எங்கிருந்தோ கொண்டுவந்து வெச்சிருக்காங்க. அந்தக் காலத்துல யாரோ தெரியாம பண்ணின வேலை. கை மட்டும் பிரமாதம். இந்த வெள்ளைக் கீத்து இருக்கு பாருங்க, இதுதான் கைக்கே உயிர். அதை அப்படியே எடுத்துக்கிட்டேன்.” பேசும்போது அவர் என் முகத்தைப் பார்த்தாரே தவிர, மேசை விளிம்பைப் பிடித்திருந்த என் கையைப் பார்க்கவில்லை. “எப்படி இருக்கு? மனசுல பட்டதைச் சொல்லுங்க.”

“நல்லா இருக்குதுங்க” என்றேன்.

“அவ்வளவுதானா? நீங்கதான் ரொம்பப் பழைய ஆளுன்னு சொன்னாங்க. வீட்டுல உக்காந்து யோசிச்சி, உங்க அபிப்பிராயத்தை ஒரு தாள்ல எழுதிக் குடுங்களேன்.”

சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் காது சுட்டது. இத்தனை வயதுக்குப் பிறகும் ஒரு படத்தைப் பற்றி என்னைக் கேட்டால் வாயில் வருவது ‘நல்லா இருக்குதுங்க’ மட்டும்தானா என்று என்மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. ஒரு தாளில் அடங்குகிற அபிப்பிராயம் இல்லை என்னுடையது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த கதையைச் சுருக்கிவிடலாம். திண்டிவனத்துக்கு வெளியே எங்கள் சேரி. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தேன். எழுத்து அழகாக வந்தது. அதற்கு மேல் படிக்க வைக்க வீட்டில் வழியில்லை. எண்ணெய் மில்லுக்கு மல்லாட்டை மூட்டை தூக்கப் போனேன். நிலக்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். ஒரு காலத்தில் ஈர்க்குச்சியாக இருந்த உடம்பு மூட்டை ஏற ஏறத் தேறியது. பிறகு டின் கொட்டகையில் ஈயம் வைத்துக்கொண்டிருந்தவருக்குக் கண் மங்கிப்போக, அந்த இடத்தில் என்னைப் போட்டார்கள்.

அது கவனமான வேலை. எண்ணெய் நிரப்பிய டின்னின் வாயில் வட்டத் தகட்டை வைத்து, ஈயம் பிடிக்க ஓரமெல்லாம் நவச்சாரம் தடவி, கரியடுப்பில் பழுக்கக் காய்ந்த கோலால் ஈயத்தை உருக்கி, ஒரே இழுப்பில் சுற்றி வர வேண்டும். நடுவில் கையை எடுத்தால் எடுத்த இடத்தில் ஊசித் துளை விழும். ஆறிய பிறகு டின்னைத் தவிட்டின் மேல் கவிழ்த்து வைப்போம். தவிடு கறுத்தால் ஒழுக்கு. என் டின்னின் கீழே தவிடு கறுத்தது அபூர்வம். இந்தப் பெருமையை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, வேறு யாரும் சொல்லவில்லை. பழகிய புதிதில் உருகிய ஈயம் வலது முன்கையில் விழுந்து மல்லாட்டைத் தொலி அளவுக்கு வெள்ளையாக ஒரு தழும்பு விழுந்தது. சேரியில் அதைக் காட்டி, நான் இப்போது மூட்டை தூக்குகிறவன் இல்லை, தொழிலாளி என்று சொல்லிக்கொள்வேன்.

யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம் மில்லுக்கு ஒரு மார்க் வேண்டும் என்று முதலாளி முடிவு செய்தார். அதுவரை எங்கள் டின்னில் எழுத்து மட்டும்தான் இருந்தது. எழுத்துத் தெரியாதவர்கள் கடையில் போய் எதைக் காட்டி எங்கள் எண்ணெயைக் கேட்பார்கள்? இந்த எண்ணெயைத் தின்றால் வஸ்தாது மாதிரி ஆகலாம் என்று படம் சொல்ல வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. காரியத்தை மானேஜரிடம் ஒப்படைத்துவிட்டார்.

அந்தக் காலத்து மானேஜர் ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர். கத்த மாட்டார், யாரையும் திட்ட மாட்டார். எந்தக் காகிதத்தையும் விரலால் தொட்டுக் காட்ட மாட்டார், விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்குச்சி ஒன்று மேசையில் எப்போதும் இருக்கும், அதன் நுனியால்தான் காட்டுவார். எதையும் எடுத்துவிடு என்று சொன்னதும் கிடையாது. குச்சியை அந்த இடத்தில் வைத்து, “இது வேணுமா?” என்று கேட்பார். அவர் அப்படிக் கேட்டால் அது வேண்டாம் என்று மில் முழுவதற்கும் தெரியும். அவர் ‘இது வேணுமா’ என்று கேட்டு வேலையை விட்டுப் போனவர்களும் உண்டு.

ஒரு நாள் கொட்டகைப் பக்கம் வந்தவர், நான் நிரப்பின டின்னைத் தூக்கி வண்டியில் வைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். “ஒரு கையால தூக்குவியா?” என்றார். தூக்கினேன். “தலைக்கு மேல?” தூக்கினேன். “விழுப்புரத்துல ஓவியர் ஒருத்தர் இருக்கார். போய் நில்லு. உன்னைப் பாத்து வரையட்டும்” என்றார்.

எங்கள் ஜனத்தில் எவனுடைய படமும் எதிலும் வந்ததில்லை.

ஓவியர் விழுப்புரம் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஓர் அச்சாபீஸின் பின்கட்டில் இருந்தார். நாடகக் கம்பெனிகளுக்குத் திரை எழுதுகிறவர். எல்லாரும் அவரை மாஸ்டர் என்பார்கள். வாய் நிறைய வெற்றிலை, அதைவிட நிறையக் கோபம். நான் இரவல் சட்டையும் படிய வாரிய தலையுமாகப் போய் நின்றதும் சிரித்துவிட்டார்.

“இன்னாப்பா, கல்யாணத்துக்கா வந்துக்கீற? சட்டையக் கழட்டு.”

காலி டின்னைத் தூக்கிக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கரித்துண்டைக் கீழே போட்டார். “வெத்து டின்ன தூக்கினா தோளு பொய் சொல்லுது. போய் தண்ணி மொண்டு ரொப்பிக்கினு வா.” நிரப்பிக்கொண்டு வந்து தூக்கினேன். தோள் உண்மையைச் சொல்லத் தொடங்கியது. கை நடுங்கும்வரை நிற்பேன், இறக்குவேன், மறுபடி தூக்குவேன். முகம் வரைகிற நேரத்தில் டின் வேண்டாம் என்று என்னை ஜன்னல் ஓரம் உட்கார வைத்து, நாடகத்தில் ராஜா வேஷக்காரன் மேடையில் மீசை கழன்று விழுந்த கதையைச் சொன்னார். நான் அடக்க முடியாமல் சிரித்தேன். அந்தச் சிரிப்பைத்தான் வரைந்திருந்தார்.

அதுவரை என் முகத்தை நான் நாவிதர் கண்ணாடியில்தான் பார்த்திருக்கிறேன், அதுவும் பாதிப் பாதியாக. தாளில் இருந்தவன் கறுப்பாக, பெரிய மூக்கோடு, எல்லாப் பற்களும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். அவனை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அதை மாஸ்டரிடம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, “சரிங்க மாஸ்டர்” என்று சுருட்டி வாங்கிக்கொண்டேன்.

திண்டிவனம் திரும்புகிற ரயில் முண்டியம்பாக்கத்தில் நின்றது. அந்த ஊரில்தான் எனக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். பெண்ணின் அண்ணன் கன்னியப்பன் அங்கே தண்டவாள வேலை செய்கிற கேங்கில் இருந்தான். என்னைப் பார்த்துவிட்டு ஜன்னலுக்கு ஓடி வந்தான்.

“இன்னா மச்சான் அது, பத்திரமா மடியில வெச்சிக்கினு வர்ற?”

சும்மா இருந்திருக்கலாம். விரித்துக் காட்டினேன்.

“யோவ்! நீயேதான்யா! நேர்ல சிரிக்கிற மாரியே கீதுயா!”

“எண்ண டின்னு மேல வரப்போவுது. மெட்ராஸ் வரைக்கும் போவும்.”

“இரு, ஊட்ல போயி அஞ்சலையாண்ட சொல்றேன். ஊரு பூரா சொல்றேன்!” ரயில் நகர்ந்த பிறகும் அவன் கையை ஆட்டிக்கொண்டே கூட ஓடி வந்தான். சொன்னபடியே ஊர் பூராவும் சொன்னான்.

மானேஜர் ஐயா படத்தைச் சுவரில் குத்தி வைத்தார். எதிரே நின்று பார்த்தார். வராந்தாவுக்குப் போய்ப் பார்த்தார். வெளிக்கேட்டு வரைக்கும் போய்க் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தார். மற்ற மில்காரர்களின் டின்களைப் பக்கத்தில் அடுக்கச் சொல்லி, அவற்றோடு சேர்த்து ஒரு தடவை பார்த்தார். பிறகு மூக்குப்பொடி போட்டுக்கொண்டு ஈர்க்குச்சியை எடுத்தார். மாஸ்டர் நாடகத் திரைப் பழக்கத்தில் வஸ்தாதுக்குப் பின்னால் ஆறு, தென்னந்தோப்பு, கோபுரம், உதிக்கிற சூரியன் எல்லாம் போட்டிருந்தார். குச்சி ஒவ்வொன்றாகப் போய் நின்றது. ஆறு வேணுமா? மரம் வேணுமா? கோபுரம் வேணுமா?

“நாம கோபுரத்தையா விக்கறோம்? எண்ணெய் விக்கறோம். டின்னு கையளவு இருக்கு. அதைப் பெருசாக்கச் சொல்லு. தெருக்கோடியில நின்னு பாத்தா ஆளும் டின்னும் மட்டும் தெரியணும்.”

எனக்குச் சட்டென்று புரிந்தது. அவர் சொன்ன பிறகு படத்தைப் பார்த்தால் கோபுரம் கண்ணை உறுத்தியது. அந்த மனிதருக்குக் கண் இருந்தது, அதை நான் மறுக்க மாட்டேன். பின்னால் நடந்ததை அவருடைய அறியாமை என்று தள்ளிவிட முடியாமல் இருப்பதும் அதனால்தான்.

இந்தச் சேதிகளைத் தூக்கிக்கொண்டு நான்தான் விழுப்புரம் போவேன். மாஸ்டர் பதிலைத் தூக்கிக்கொண்டு திண்டிவனம் வருவேன். கோபுரத்தை எடுக்கச் சொன்னதும் மாஸ்டர் எழுந்து நின்று கத்தினார். “அந்தாள போயி மல்லாட்ட உரிக்கச் சொல்லு! கோபுரம் இல்லாம படமா? பேஜாரு புடிச்ச வேல!” திண்டிவனத்தில் வந்து, “யோசனை பண்ணி செய்றேன்னு சொன்னாருங்க ஐயா” என்றேன். “கெட்டிக்காரர்” என்றார் மானேஜர். அதை விழுப்புரத்தில் சொன்னபோது மாஸ்டர் குளிர்ந்துபோய்க் கோபுரத்தை எடுத்துவிட்டார். இரண்டு பெரிய மனிதர்களை நான் மேய்ப்பதாக எனக்குள் ஒரு மிதப்பு. கொட்டகையில் மற்றவர்கள் கேட்டால், படம் எப்படி இருக்க வேண்டும் என்று நானே முடிவு செய்வது போலப் பேசினேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அடுத்த படம் வர்ணத்தோடு வந்தது. டின் பெரிதாகியிருந்தது, பின்னால் வெறும் மஞ்சள், நடுவில் நான். மானேஜர் ஐயா வழக்கம்போலக் கேட்டு வரைக்கும் போய் வந்தார். “பிரமாதம்” என்றார். நான் படத்துக்குப் பக்கத்தில் சுவரோரமாக நின்றிருந்தேன். குச்சி முன்கைக்குப் போயிற்று. தழும்பையும் மாஸ்டர் விடாமல் வரைந்திருந்தார். “கையில வெளிச்சம் நல்லா விழுந்திருக்கு” என்றார் மானேஜர். அது தழும்பு என்று நான் சொல்லவில்லை.

பொடி போட்டார். துண்டால் மூக்கைத் துடைத்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு குச்சி மெல்லக் கழுத்துக்கு மேலே ஏறி மூக்கின் மேல் நின்றது.

“இது வேணுமா?”

எனக்குப் புரியவில்லை. “மூக்குங்களா ஐயா?”

“இந்த மூஞ்சி.”

அவர் குரலை இன்னும் தணித்துக்கொண்டார். பிரியமாகத்தான் பேசினார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

“தப்பா எடுத்துக்காதே, முனுசாமி. இது வாயில போடற பொருள். வீட்டுப் பொம்பளைங்க அடுப்பங்கரையில வெச்சிக்கறது. இவன் மூஞ்சியைப் பாத்தா எந்தத் தெரு ஆளுன்னு தெரிஞ்சிபோகுது. உடம்பு நல்ல உடம்பு. உடம்பைப் பாத்து யாரும் தெரு சொல்ல மாட்டாங்க. தலையை மட்டும் மாத்தி, நிறத்தையும் கொஞ்சம் தூக்கச் சொல்லு. நாலு பேரு மதிக்கிற மாதிரி ஒரு மூஞ்சி. புரியுது இல்ல?”

“புரியுதுங்க ஐயா.”

“போய்ப் பக்குவமாச் சொல்லு. ஓவியர் கோவக்காரர். நீ சொன்னா கேப்பார்.”

அந்த மில்லிலிருந்து வெளியே போன ஒவ்வொரு எண்ணெய் டின்னும் என் கை பட்டு மூடியதுதான். அதை அவரும் அறிவார், நானும் அறிவேன். கை இருக்கலாமாம், யாருடையது என்று தெரியத்தான் கூடாதாம். இது அப்போது வாயில் வரவில்லை. படத்தை நானே சுவரிலிருந்து கழற்றிச் சுருட்டினேன். சுருட்டும்போது அவன் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டே உள்ளே போனான்.

ரயிலில் முண்டியம்பாக்கம் வரும்போது எழுந்து மறுபக்கத்து ஜன்னலுக்குப் போய்விட்டேன். “மச்சான், மச்சான்” என்று கன்னியப்பன் பெட்டி பெட்டியாகக் கூப்பிட்டுக்கொண்டு போனது கேட்டது. குனிந்து செருப்பே இல்லாத காலில் என்னவோ தேடுவது போல உட்கார்ந்திருந்தேன்.

மாஸ்டர் வர்ணக் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தார். அவரிடம் எப்படிச் சொன்னேன் என்பது வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. “தலைய மாத்தணுமாங்க மாஸ்டர். செவப்பா, நாலு பேரு மதிக்கிற மாரி வேற தல வெக்கணுமாம்.”

கத்தப் போகிறார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

“இத்த உன் வாயாலயே சொல்லச் சொல்லி அனுப்பிச்சானா அந்தாளு?”

“ஆமாங்க.”

வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து என் எதிரில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். “நான் எத்தினியோ ராஜா தல எழுதிக்கீறேன். ஒண்ணும் இந்த மாரி அமையல. நீ இன்னா சொல்ற? அவன் சொன்னத விடு. நீ சொல்லு. வேணாம்னா வேணாம்னு சொல்லு, அட்வான்ஸ வீசி எறிஞ்சிட்டு இந்தப் படத்த இப்பிடியே செவுத்துல மாட்டிக்கிறேன். எனக்கு நாடகக்காரன் இருக்கான், சோறு போடுவான்.”

வாழ்க்கையில் என்னை ஒருவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அவருக்கு நாடகக்காரன் இருந்தான், எனக்கு மில் மட்டும்தான் இருந்தது. படம் நின்றுபோனால் யாரால் நின்றது என்று மானேஜர் ஐயா கேட்பார். கேட்டுவிட்டு ஒரு நாள் என் பக்கம் குச்சியை நீட்டுவார். கல்யாணம் வேறு வந்துகொண்டிருந்தது. வேலை போன மாப்பிள்ளையாகப் போய் அந்த வாசலில் நிற்க முடியுமா? இவ்வளவும் மனசில் ஓடியது. ‘பயமாக இருக்கிறது மாஸ்டர்’ என்று சொல்லியிருந்தாலும் அவர் புரிந்துகொண்டிருப்பார். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் சொன்னேன்:

“மாத்திடுங்க மாஸ்டர். அந்த மூஞ்சி எனக்கே புடிக்கலீங்க.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “அப்பிடியா” என்றார். அந்த ஒரு சொல்லில் அவர் முகம் சின்னதாகிப்போனது. அவர் வரைந்ததிலேயே நல்லதை நான் நன்றாக இல்லை என்று சொல்லிவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

“சரி, உன் மூஞ்சி. நீயே சொல்லிட்ட.”

என் கண்ணெதிரேயே வேலையை ஆரம்பித்தார். தாளின் அந்த இடத்தைத் தண்ணீர் தொட்டுக் கழுவி, காயவிட்டு, ரப்பரால் தேய்த்தார். பல் முதலில் போயிற்று, மூக்கு கடைசியில் போயிற்று. கறுப்புத் துகளாக உதிர்ந்து என் கால் மேல் விழுந்தது. கொஞ்ச நேரம் தலையில்லாத உடம்பு டின்னைத் தூக்கிக்கொண்டு நின்றது. பிறகு சுவரில் தொங்கிய நாள்காட்டியிலிருந்து ஒரு சிவந்த முகத்தைப் பார்த்து எழுதி வைத்தார். முழு மனசோடு எழுதவில்லை. கழுத்து சரியாக ஒட்டாததை அவரே பார்த்தார், பார்த்துவிட்டு அப்படியே விட்டார். விளம்பரக் கம்பெனித் தம்பி கண்டுபிடித்தது அதைத்தான். தெரியாமல் செய்த வேலை அது என்று அவர் சொன்னார். தெரிந்து செய்த வேலை தம்பி, மூன்று பேருக்கும் தெரிந்தே செய்த வேலை.

மானேஜர் ஐயா அந்தப் படத்தில் குச்சியை எங்கும் வைக்கவில்லை.

சென்னையில் அச்சாகிக் கட்டுக்கட்டாக வந்தது. எழுத்துத் தெரிந்தவன், தலைகீழாக ஒட்ட மாட்டான் என்று ஒட்டுகிற வேலையையும் என்னிடமே கொடுத்தார்கள். டின்னில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பசை நிற்காது, முதலில் தவிடு போட்டுத் துடைக்க வேண்டும். மைதாவோடு மயில்துத்தம் சேர்த்துக் காய்ச்சிய பசையைத் தடவி, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் நீவிவிட வேண்டும். என் நெஞ்சை, என் தோளை, என் கையை நானே நீவிவிட்டேன். தலை வந்ததும் கை தானாக வேகமாகப் போகும்.

கல்யாணம் தை மாதம் முண்டியம்பாக்கத்தில் நடந்தது. எங்கள் எண்ணெய் அதற்குள் அந்த ஊர்க் கடைக்கும் வந்துவிட்டிருந்தது. கன்னியப்பன் ஆசையாக ஒரு காலி டின்னை வாங்கி, படத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் பந்தலில் கொண்டுவந்து வைத்தான். ஜனம் கூடிவிட்டது. பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், மறுபடி பார்த்தார்கள்.

“எங்கய்யா மாப்ள? காணமே!”

“இது ஆரோ ஜமீன்தாரு மாரி இல்ல கீறான்!”

“மாப்ள ராவுல செவப்பா ஆயிடுவாரோ இன்னாவோ!”

பந்தல் முழுக்கச் சிரிப்பு. கன்னியப்பன் மட்டும் சிரிக்கவில்லை. “நான் பார்த்தேன்யா. இவரே காட்டினாரு. மச்சான், நீயே சொல்லு மச்சான்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் பொய்யனாகியிருக்க மாட்டான்.

“அது நான் இல்ல கன்னியப்பா. வேற ஆள வெச்சி வரஞ்சிட்டாங்க” என்றேன்.

அவன் கையை விட்டுவிட்டான். பந்தலுக்கு உள்ளே பெண்கள் நடுவில் அஞ்சலை இருந்தாள். அவள் காதில் விழுந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கும் அவள் ஒன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. அந்த டின்னை மட்டும் மற்ற சாமான்களோடு திண்டிவனத்துக்குக் கொண்டுவந்தாள். கேப்பை மாவு கொட்டி வைத்துக்கொண்டாள். வேறு டின் தருகிறேன் என்று எத்தனையோ தடவை சொன்னேன், ஓட்டை இல்லாத டின்னை எதற்குத் தூக்கிப் போடணும் என்று விட்டுவிட்டாள். சமையல் மூலையில் அந்தத் தலையைப் பார்க்கக்கூடாது என்று நான் அந்தப் பக்கம் முகத்தையே திருப்புவதில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் அவளைத்தான் கேட்பேன்.

யுத்த காலத்தில் தகரத்துக்குத் தட்டுப்பாடு வந்தது. பழைய டின்களைத் திருப்பி வாங்கி வெந்நீரில் ஊறவைத்துப் படத்தைச் சுரண்டி மறுபடி புதிதாக ஒட்டினோம். அந்தச் சமயத்தில் ஒரு நாள் மில் சாமான் எடுக்க விழுப்புரம் போனவன் ஸ்டேஷனில் மாஸ்டரைப் பார்த்தேன். கண்ணாடி போட்டிருந்தார், நாடகக் கம்பெனி கலைந்துபோய்விட்டதாகச் சொன்னார்கள். ஒதுங்கிப் போகப் பார்த்தேன், அவர் விடவில்லை.

“வஸ்தாது, எப்பிடி கீற?”

“இருக்கேங்க மாஸ்டர்.”

ரயில் வருகிற வரைக்கும் அதையும் இதையும் பேசிக்கொண்டிருந்தார். நான் பெட்டியில் ஏறின பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார். “அது நல்ல மூஞ்சிப்பா. நீ தப்பா சொல்லிட்ட.”

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேனா, சும்மா ஆட்டினேனா என்று அவருக்குத் தெரிந்திருக்காது. அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. எனக்கு ஸ்டோர் பொறுப்பு கொடுத்தார்கள், சட்டை போட்டேன், முழுக்கை வைத்தே தைத்துக்கொண்டேன். முப்பத்துச் சொச்சம் வருஷம் அந்த மில்லில் ஓட்டியும் கையைப் பார்த்து யாரும் கேட்கவில்லை.

தம்பியைப் பார்த்துவிட்டு மில்லிலிருந்து திரும்பி வந்த அன்று சாயங்காலம் அஞ்சலையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புதிய படத்தைப் பற்றித்தான் சொல்ல ஆரம்பித்தேன். மாஸ்டரிடம் சொன்னது, பந்தலில் சொன்னது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிட்டது. அவள் முறத்தை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து போய் மூலையிலிருந்த மாவு டின்னைத் தூக்கிக்கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்த டின்னில் இருந்த படத்தை நேராகப் பார்த்தேன். மஞ்சள் மங்கியிருந்தது. நெஞ்சும் தோளும் தூக்கிய கையும் தழும்பும் அப்படியே இருந்தன. தலை இருந்த இடத்தில் மட்டும் தகரம் பளபளவென்று தெரிந்தது.

“தேஞ்சி போச்சா?” என்றேன்.

“எங்க தேயறது? கல்யாணமாயி வந்த வாரமே நான்தான் கத்தியால சுரண்டிட்டேன்.”

“அது நான்னு உனக்குத் தெரியுமா?”

“நல்லா கேட்ட போ. டெய்லி சோறு போடற எனக்கு உன் கை தெரியாதா? கைய வெச்சிக்கினேன். வேற ஆம்பள மூஞ்சி நம்ம ஊட்ல எதுக்கு?”

“ஏன் இத்தன நாளா சொல்லல?”

“நீதான அது நான் இல்லன்ன. எங்க அண்ணன் சாவற வரைக்கும் அத்தத்தான் சொல்லிக்கினு இருந்தான், மச்சான் காட்டினாரு, நான் பார்த்தேன்னு. நீயா வாயத் தொறந்து சொல்லட்டும்னு இருந்தேன்.” டின்னை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கன்னியப்பன் செத்துப் பல வருஷம் ஆகிறது. அவனிடம் போய்ச் சொல்ல இனி வழியில்லை.

தம்பி, நீங்கள் கேட்ட அபிப்பிராயம் இதுதான். நீங்கள் எடுத்துக்கொண்ட கை என்னுடையது. அதில் உள்ள வெள்ளைக் கீற்று ஈயம் சுட்ட தழும்பு, சந்தேகம் இருந்தால் வீட்டுக்கு வாருங்கள், சட்டையை மடித்துக் காட்டுகிறேன். அந்த உடம்புக்கு முதலில் ஒரு தலை இருந்தது. நல்ல மூஞ்சி அது, எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

மற்றபடி படம் நன்றாக இருக்கிறது.